திருச்சிக் கட்டுக்குள் இரண்டு மாவட்டங்கள்

பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1995இல். அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்தது, மறு ஆண்டே திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பர் 23இல் மறுபடியும் தனி மாவட்டமானது. ஆவணக் காப்பகத்துக்குள் முதன்முறை நுழையும் முதுகலை மாணவர் இடறுவது இங்கேதான். பழைய கோப்புகளில் இவை மாவட்டங்களே அல்ல, திருச்சிராப்பள்ளியின் பகுதிகள். அந்தத் தலைப்பின்கீழ் தேடினால்தான் எதுவும் அகப்படும்.

தேடலுக்கு முன் படிக்க வேண்டியவை இரண்டு: லூயிஸ் மூர் 1878இல் வெளியிட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடு, ஹெமிங்வேயின் 1907 கெசட்டியர். இரண்டும் அதிகாரிகள் எழுதியவை. நிலவரியும் ஜமீன் வழக்கும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தன. அரியலூரிலும் குன்னத்திலும் சிறுவயதைக் கழித்த உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் காட்டுவது வேறோர் உலகம்: ஆசிரியர்கள், சங்கீதம், ஆதரித்த செல்வர்கள். ஒன்றை மட்டும் படித்தவருக்கு ஊரின் பாதிதான் தெரியும்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் செங்கல் நிறக் கட்டடம். 1909இல் கட்டப்பட்டது; 1973 வரை அதன் பெயர் சென்னை ஆவண அலுவலகம். நூலகம்போல அலமாரியைத் துழாவ அங்கே வழியில்லை. துறை, எண், தேதி எழுதிக் கொடுத்தால் கட்டு வரும். ஆகவே முதல் சில நாள்கள் அட்டவணைகளோடுதான் கழியும்; அலுப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது. அரசாணை பெரும்பாலும் ஓரிரு வரிதான். அதன் பின்னால் இணைத்திருக்கும் மனுவிலும் கீழதிகாரியின் குறிப்பிலும்தான் குடியானவரின் குரல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பயிற்சிக்கு ஏற்ற நிகழ்வு, 1956 நவம்பர் 23 அதிகாலையில் நடந்த அரியலூர் ரயில் விபத்து. வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சேதமடைந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இறந்தோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. எந்த எண் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போவதே நல்ல பாடம். செய்தித்தாள்களில் பார்க்கலாம், விசாரணை அறிக்கையைத் தேடலாம், ஆற்றங்கரை ஊர்களின் முதியவர்களிடம் கேட்கலாம். முதியவர் ஆண்டைத் தவறாகச் சொல்லலாம். அறிக்கையோ, அன்று அதிகாலையில் உதவிக்கு ஓடியவர் யார் என்பதைப் பதியாமலே விட்டிருக்கலாம்.

மக்களிடம் கொண்டுசெல்லும் பொது வரலாறு ஆய்வேட்டோடு நிற்பதில்லை. கண்டறிந்தது கண்காட்சியாகவோ சிறு நூலாகவோ அந்த ஊருக்கே திரும்ப வேண்டும். பேட்டிக்கு முன்னால் பேசுபவரின் ஒப்புதலை வாங்க வேண்டும். பதிவின் பிரதியை அவருக்கும் தர வேண்டும். காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு தாளின் கீழும் அதன் கோப்பு எண்ணை எழுத வேண்டும். ஐயமுள்ளவர் எழும்பூருக்குப் போய் அதே கட்டைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.