சாம்பலிலிருந்து எழுந்த இரு நகரங்கள்

ஐரோப்பியப் பயணம் என்றதும் லண்டன், பாரிஸ், ரோம் என்று விரல் மடக்கத் தொடங்குவீர்கள். கட்டடங்களைப் பார்த்து ரசிப்பவரானால் வார்சாவையும் ரோட்டர்டாமையும் விட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இரண்டும் தரைமட்டமாயின. இரண்டும் மீண்டும் எழுந்தன. எழுந்த விதம்தான் நேர் எதிர்!

போலந்தின் தலைநகரான வார்சாவின் பழைய நகரச் சதுக்கத்தில் நின்று சுற்றிலும் பாருங்கள். மஞ்சள், காவி, பச்சை என்று நெருக்கியடித்து நிற்கும் மாடி வீடுகள். முந்நூறு வயதிருக்கும் என்று சத்தியமே செய்வீர்கள். ஆனால் இவை கட்டி முடிந்தது 1953-இல்! 1944-இல் மக்கள் நடத்திய எழுச்சியை அடக்கிய ஜெர்மானியப் படை, தெருத் தெருவாகத் தீயும் வெடியும் வைத்து நகரை அழித்தது. கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் அளந்து வரைந்த படங்கள் மட்டும் ஒளித்துக் காக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டே வீடுகளை எழுப்பினார்கள். பிற வீதிகளுக்கு, 18-ஆம் நூற்றாண்டின் அரசவை ஓவியர் பெர்னார்தோ பெலோட்டோ தீட்டிய காட்சிகள் கைகொடுத்தன. ஓவியர் அழகுக்காகக் கூட்டி வரைந்ததும் சில இடங்களில் அப்படியே சுவரேறிவிட்டதாம்! அரண்மனையோ மக்களின் நன்கொடையால் எழுந்தது. இதெல்லாம் வெறும் நகல் என்று முகம் சுளிப்போர் உண்டு. பெயரே இல்லாமல் துடைக்க வந்தவனுக்கு ஓர் ஊர் சொன்ன பதில் எப்படி நகலாகும்? யுனெஸ்கோவும் 1980-இல் இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இனி நெதர்லாந்தின் துறைமுக நகரான ரோட்டர்டாம். 1940 மே 14. கால் மணி நேரக் குண்டுவீச்சு. ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்தார்கள். இவர்கள் பழையதைத் தேடவில்லை. லாரன்ஸ் தேவாலயம் போன்ற சிலவற்றை மட்டும் செப்பனிட்டு, மற்றதைப் புதிதாகவே திட்டமிட்டார்கள். வார்சா சதுக்கம் முடிந்த அதே 1953-இல் இங்கே லைன்பான் என்ற கடைத்தெரு திறக்கப்பட்டது. வாகனம் நுழையாத, நடப்பவருக்கு மட்டுமான தெரு. அந்நாளில் அது புதுமை.

பிளாக் நிலையத்தில் இறங்கினால் பீட் பிளோம் வடிவமைத்த கனசதுர வீடுகள். 1984-இல் முடிந்தவை. மூலையில் நிறுத்திய தாயக்கட்டைகள் போல ஒவ்வொரு வீடும் சாய்ந்து நிற்கிறது! ஒன்றைக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று பார்க்கலாம். சாய்ந்த சுவரில் அலமாரியை எங்கே சார்த்துவது என்று இல்லத்தரசிகள் யோசிக்கத்தான் செய்வார்கள். எதிரே, 2014-இல் திறந்த மார்க்தால்: குதிரை லாட வடிவில் வளைந்த கட்டடம், வளைவுக்குள் 228 வீடுகள், அடியில் காய்கறியும் மீனும் விற்கும் சந்தை.

அங்கிருந்து துறைமுகப் பக்கம் நடந்து செல்லுங்கள். ஓசிப் ஸாட்கின் வடித்த வெண்கலச் சிலை ஒன்றைக் காண்பீர்கள். அதுவும் 1953-இல் நிறுவப்பட்டதே. இரு கைகளையும் வானை நோக்கி உயர்த்திய மனிதன். நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை.