ஒயர்லெஸ் லேபிள் பிரிண்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டர் வாங்கி ஓர் ஆண்டு ஆவதற்குள், மேஜைக்குக் கீழே அடாப்டர்கள் கூட்டமாகச் சேர்ந்துவிடும். மானிட்டருக்கு ஒன்று, ரூட்டருக்கு ஒன்று, வெளியில் வைத்து இயக்கும் ஹார்ட் டிஸ்க்கிற்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று. எல்லாமே கறுப்பு. எல்லாவற்றின் முனையும் பார்வைக்கு ஒரே அளவு. ஆனால் ஒவ்வொன்றும் தரும் வோல்ட் வேறு. எது எத்தனை வோல்ட் என்பது அடாப்டரின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் அச்சிடப்பட்டிருக்கும்.

எங்கள் வீட்டில் மானிட்டர் அடாப்டர் 19 வோல்ட். ஹார்ட் டிஸ்க் அடாப்டர் 12 வோல்ட். மாறிவிடக் கூடாது என்பதற்காகவே, மொபைல் போனுடன் புளுடூத் வழியே இணையும் சிறிய லேபிள் பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். "மானிட்டர் 19", "டிஸ்க் 12" என்று அச்சடித்து, முனைக்கு அருகில் ஒயரைச் சுற்றி ஒட்டினேன். ஒரு கோடைக் காலம் கடந்தது. வீட்டைச் சுத்தம் செய்த அப்பா, கழற்றிய ஒயர்களைத் திரும்ப மாட்டினார். அலுவலகத்தில் இருந்த எனக்குப் போன் வந்தது.

"ஹார்ட் டிஸ்க் பெட்டியில கருகின வாசனை வருதுடா."

"ஒயர்ல லேபிள் ஒட்டியிருந்தேனே, பாக்கலையாப்பா?"

"லேபிள் இருக்கு. எழுத்தைத்தான் காணோம்."

வீட்டிற்கு வந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இரண்டு லேபிள்களும் வெறும் வெள்ளைத் துண்டுகளாக இருந்தன. தவறு அப்பாவுடையது அல்ல. எந்த வகை லேபிள் என்று பார்க்காமல் வாங்கிய என்னுடையது. நீங்களும் அதே தவறைச் செய்யாமல் இருப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

லேபிள் மேக்கர் என்றால் என்ன?

டைமோ நிறுவனம் 1958ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. எழுத்துச் சக்கரத்தைத் திருப்பி, கைப்பிடியை அழுத்தினால் பிளாஸ்டிக் டேப்பில் எழுத்து புடைத்து வெண்மையாகத் தெரியும். பழைய அலுவலகங்களில் பீரோக்களின் மேல் இந்த லேபிள்களைப் பார்த்திருப்பீர்கள். பின்னர் கீபோர்டும் சிறிய திரையும் கொண்ட எலக்ட்ரானிக் லேபிள் மேக்கர்கள் வந்தன. ஜப்பானின் பிரதர் நிறுவனம் பி-டச் என்ற பெயரில் இவற்றைத் தருகிறது. இப்போது கிடைக்கும் ஒயர்லெஸ் வகைகள் பலவற்றில் கீபோர்டும் இல்லை, திரையும் இல்லை. மொபைல் போனில் ஓர் அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து, அதில் டைப் செய்தால் புளுடூத் வழியாகப் பிரிண்டருக்குச் செல்லும். சட்டைப் பையில் வைக்கும் அளவிலும் கிடைக்கின்றன.

எப்படி அச்சடிக்கிறது?

வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இந்தப் பிரிண்டர்களில் மை ஊற்றுவதில்லை. அச்சடிக்கும் தலைப்பகுதியில் வரிசையாக உள்ள மிகச் சிறிய புள்ளிகள் சூடாகின்றன. அந்தச் சூட்டை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதைக் கொண்டு மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

1. டைரக்ட் தெர்மல்: லேபிளின் மேற்பூச்சிலேயே நிறமற்ற சாயமும், அதை நிறம் பெறச் செய்யும் ஒரு வேதிப் பொருளும் கலந்திருக்கும். சூடு பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுப்பாகின்றன. கடைகளில் தரும் பில் ரசீது இந்த வகைதான். நிம்பாட் டி11, போமெமோ டி30 போன்ற சிறிய பிரிண்டர்களும், டைமோவின் லெட்ராடேக் வரிசையும் இப்படியே இயங்குகின்றன. ரிப்பன் தேவையில்லை என்பதால் பிரிண்டர் சிறியதாகவும் விலை குறைவாகவும் இருக்கும். ஆனால் வெயில், தொடர்ந்த சூடு, எண்ணெய் ஆகியவை எழுத்தை மங்க வைக்கும்.

2. தெர்மல் டிரான்ஸ்பர்: லேபிளுக்கும் தலைப்பகுதிக்கும் இடையில் மை பூசிய ரிப்பன் ஓடும். சூட்டில் மை உருகி லேபிளில் ஒட்டிக் கொள்ளும். எழுத்து எளிதில் மங்காது. டைமோவின் டி1 டேப் இந்த வகை. ஒரே நிறுவனம் இரண்டு வகைகளையும் விற்பதைக் கவனியுங்கள். பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது.

3. லேமினேட் செய்யப்பட்ட டேப்: பிரதர் டிஇசட்இ டேப்புகளில், மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படலத்தின் உட்புறத்தில் எழுத்து அச்சாகிறது. வெளியே வரும்போதே அதன் கீழ் பசையுள்ள டேப் வந்து ஒட்டிக் கொள்கிறது. எழுத்து இரண்டு படலங்களுக்கு நடுவே மாட்டிக் கொள்வதால் ஈரமோ எண்ணெயோ அதைத் தொட முடியாது.

என் லேபிள் ஏன் வெளுத்தது என்பது இப்போது புரிந்திருக்கும். அது டைரக்ட் தெர்மல் லேபிள். அடாப்டர் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒயரின் பி.வி.சி. உறை வளைவதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்னும் பொருள் சேர்க்கப்படுகிறது. அது மெல்லக் கசிந்து தெர்மல் எழுத்தை அழித்துவிடும். தெர்மல் ரசீதுகளைப் பிளாஸ்டிக் உறைகளில் பத்திரப்படுத்தினாலும் அவை வெளுத்துப் போவதற்கு இதுவே காரணம்.

கடையிலேயே ஒரு சோதனை

விற்பவருக்கே எந்த வகை என்று தெரியாமல் இருக்கலாம். மாதிரி லேபிள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அச்சில்லாத இடத்தில் விரல் நகத்தால் வேகமாகக் கீறுங்கள். உராய்வுச் சூட்டில் கறுப்புக் கோடு விழுந்தால் அது டைரக்ட் தெர்மல். சானிடைசர் ஒரு துளி வைத்தும் பார்க்கலாம். மேற்பூச்சு இல்லாத சாதாரண தெர்மல் தாள் என்றால் அந்த இடம் கறுத்துவிடும். பாதுகாப்புப் பூச்சு உள்ள லேபிள் சற்றுத் தாங்கும்.

அகலமும் டி.பி.ஐ.யும்

அச்சின் நுணுக்கம் டி.பி.ஐ. என்ற அளவில் தரப்படுகிறது. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பது இதன் பொருள். 203 டி.பி.ஐ. என்றால் ஒரு மில்லி மீட்டருக்கு 8 புள்ளிகள். 12 மி.மீ. உயரத்திற்கு அச்சடிக்கும் பிரிண்டரில் மொத்தம் 96 புள்ளிகள். இதில் ஒரு வரி தெளிவாக வரும். இரண்டு வரிகளும் படிக்கும்படி இருக்கும். மூன்று வரிகள் அடித்தால் தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக் கொள்ளும்.

டேப்பின் அகலம் முழுவதும் அச்சாகும் என்றும் எண்ண வேண்டாம். பிரதர் பி-டச் கியூப் பிடி-பி300பிடி மாடலில் 12 மி.மீ. டேப் போடலாம், எழுத்து விழும் உயரம் சுமார் 9 மி.மீ. தான்.

அலுவலகத்தில் க்யூ.ஆர். கோட் அச்சடிக்க விரும்புபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மிகச் சிறிய க்யூ.ஆர். கோட் 21 கட்டங்கள் கொண்டது. சுற்றிலும் 4 கட்ட அளவிற்கு வெள்ளை இடம் விட வேண்டும். ஆக 29 கட்டங்கள். ஒரு கட்டத்திற்கு 3 புள்ளிகள் என்றால் 87 புள்ளிகள். அதாவது ஏறத்தாழ 11 மி.மீ. 12 மி.மீ. லேபிளில் இது நெருக்கியடித்து நுழையும். ஆனால் அதில் அதிகபட்சம் 25 ஆங்கில எழுத்துகளும் எண்களுமே அடங்கும். இணைய முகவரி போன்ற நீளமான தகவலுக்கு, 50 மி.மீ. வரை அகலமான லேபிள் போடக் கூடிய நிம்பாட் பி1, போமெமோ எம்110 போன்றவையே ஏற்றவை.

தமிழ் ஒழுங்காக வருமா?

சில அப்ளிகேஷன்களில் தமிழ் டைப் செய்தால், கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தோன்றும். இதைச் சோதிக்க "கொத்தமல்லி", "வெந்தயம்", "பூண்டு" ஆகிய மூன்று சொற்கள் போதும். மூன்றும் சரியாக வந்தால் பெரும்பாலும் எல்லாம் சரியாக வரும்.

வரவில்லை என்றாலும் வழி இருக்கிறது. எழுத்தை ஒரு படமாக மாற்றிக் கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டரில் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, நிர்மலா யு.ஐ. எழுத்துருவில் தடித்த எழுத்தாக டைப் செய்திடவும். வெள்ளைப் பின்னணியில் முழுக் கறுப்பு எழுத்தாக இருக்க வேண்டும். சாம்பல் நிறம் இருந்தால் பிரிண்டர் அதைப் புள்ளிப் புள்ளியாக மாற்றிவிடும். படத்தை பி.என்.ஜி. பைலாகச் சேவ் செய்து போனுக்கு அனுப்பி, அப்ளிகேஷனில் படம் சேர்க்கும் வசதி மூலம் இணைத்திடவும்.

புளுடூத் இணைப்பு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. போனின் புளுடூத் செட்டிங்ஸ் பக்கத்தில் பிரிண்டரைத் தேடி இணைக்க முயல்வார்கள். இந்தச் சிறிய பிரிண்டர்கள் பலவற்றை அவற்றின் அப்ளிகேஷனுக்குள் இருந்துதான் இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்ட் 6 முதல் 11 வரை உள்ள போன்களில் லொகேஷன் அனுமதியும் கேட்கும். அருகில் உள்ள புளுடூத் சாதனங்களைக் கொண்டு நீங்கள் இருக்கும் இடத்தைக் கணிக்க முடியும் என்பதால் இந்த ஏற்பாடு. 2021ல் வந்த ஆண்ட்ராய்ட் 12 முதல், "அருகில் உள்ள சாதனங்கள்" என்று தனி அனுமதி தரப்பட்டுள்ளது. லேபிள் அச்சடிக்க உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்கள் தேவையில்லை. அந்த அனுமதியைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். கீபோர்டு இல்லாத பிரிண்டருக்கு அப்ளிகேஷன்தான் உயிர். வாங்கியவுடன் போனின் இணைய இணைப்பை நிறுத்திவிட்டு ஒரு லேபிள் அடித்துப் பாருங்கள். இணையம் இல்லாமல், லாகின் கேட்காமல் அச்சடித்தால் நல்லது. நாளை அந்த நிறுவனம் தன் சர்வரை நிறுத்தினாலும் உங்கள் பிரிண்டர் வேலை செய்யும்.

கம்ப்யூட்டரிலிருந்து அச்சடிக்க முடியுமா?

யு.எஸ்.பி. போர்ட் இருப்பதால் கம்ப்யூட்டருடன் இணையும் என்று முடிவு கட்ட வேண்டாம். அது சார்ஜ் செய்ய மட்டும் இருக்கலாம். மேலே சொன்ன பிடி-பி300பிடி மொபைல் போனுக்கு மட்டும் உரியது. அதன் மூத்த சகோதரனான பிடி-பி710பிடி மாடலை யு.எஸ்.பி. வழியே கம்ப்யூட்டருடன் இணைக்கலாம், 24 மி.மீ. டேப் வரை போடலாம். எக்செல் பைலில் உள்ள நூறு பெயர்களை வரிசையாக அச்சடிக்கும் வேலை உங்களுக்கு இருந்தால், கம்ப்யூட்டர் இணைப்பு கட்டாயம் தேவை.

பாட்டரியையும் பார்த்துக் கொள்ளுங்கள். பிடி-பி300பிடி ஆறு சிறிய ஏஏஏ பாட்டரிகளில் இயங்குகிறது. நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் அவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையெனில் கசிந்து பிரிண்டரைக் கெடுக்கும். சார்ஜ் செய்யும் லித்தியம் பாட்டரி என்றால், மாதம் ஒரு முறையாவது சார்ஜ் செய்வது நல்லது.

உண்மையான செலவு ரோலில்தான்

பிரிண்டரின் விலையை ஒரு முறைதான் தருகிறோம்; ரோலுக்குத் தொடர்ந்து தர வேண்டும். ஒரு ரோலின் விலையை, அதில் கிடைக்கும் லேபிள்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

டிஇசட்இ டேப் ஒன்றின் நீளம் பொதுவாக 8 மீட்டர். 5 செ.மீ. லேபிள் என்றால் 160 கிடைக்க வேண்டும். ஆனால் தலைப்பகுதிக்கும் வெட்டும் கத்திக்கும் இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு முறையும் சுமார் 25 மி.மீ. வெற்று டேப் முன்னால் வந்து வீணாகும். தனித்தனியாக அடித்தால் 106 லேபிள்களே கிடைக்கும். ஆகவே பத்து லேபிள்களைச் சேர்த்து ஒரே தொடராக அச்சடியுங்கள். 75 செ.மீ. செலவாக வேண்டிய இடத்தில் 52.5 செ.மீ. போதும்.

முன்பே வெட்டப்பட்ட லேபிள்கள் உள்ள ரோல்களில் இந்த வீணடிப்பு இல்லை. ஆனால் ரோலின் நடுவே சிப் வைத்து, சிப் இல்லாத வேறு ரோலை ஏற்க மறுக்கும் பிரிண்டர்களும் உண்டு. உங்கள் ஊரிலோ ஆன்லைனிலோ அந்த ரோல் எளிதில் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே பிரிண்டரை வாங்குங்கள்.

எதற்கு எது?

மளிகை டப்பா, பள்ளி நோட்டு, மாதம் ஒரு முறை மாறும் பைல் பெயர் ஆகியவற்றிற்கு டைரக்ட் தெர்மல் தாராளமாகப் போதும். அடுப்பு அருகில் உள்ள எண்ணெய் டப்பா, மருந்துப் பெட்டி, மீட்டர் பெட்டி சுவிட்ச், ஒயர், அடாப்டர் ஆகியவற்றிற்கு லேமினேட் டேப்பே சரி. ஒயரைச் சுற்றி ஒட்ட, வளைந்து கொடுக்கும் டேப் தனியாகவே கிடைக்கிறது. தவறாகப் படித்தால் ஆபத்து வரும் எந்த இடத்திலும், எழுத்து அழியும் லேபிளை ஒட்டாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெட்டிக்குள் இருந்த போர்டு மட்டும் எரிந்திருந்தது. உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா கேபிள் மூலம் நேரடியாகக் கம்ப்யூட்டரில் இணைத்தேன். பன்னிரண்டு ஆண்டுப் புகைப்படங்களும் அப்படியே இருந்தன. எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அன்று இரவே அவற்றை இன்னொரு டிஸ்க்கில் காப்பி செய்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒவ்வொரு அடாப்டரின் முனையிலும், அது சேர வேண்டிய சாதனத்தின் துளை அருகிலும் ஒரே லேபிள் லேமினேட் டேப்பில் இருக்கிறது. பழைய பிரிண்டரை அம்மா எடுத்துக் கொண்டார். அதில் அச்சடித்த "கொத்தமல்லி" சமையலறை அலமாரியில் நன்றாகவே இருக்கிறது.