அஞ்சல் எண்ணும் இணையப் படிவமும்

புது தில்லி கோல் மார்க்கெட்டின் அஞ்சல் குறியீட்டு எண் 110001. இம்முறை 1972 ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று இணையப் படிவங்கள் பலவற்றில் இவ்வெண்ணைப் பதித்த அளவிலே ஊர்ப்பெயர் தோன்றுகிறது. உலவியில் இயங்கும் நிரல் எண்ணை வழங்கிக்கு அனுப்பி, பக்கத்தை மாற்றாமலே விடை பெறுகிறது. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலவியில் இவ்வசதி இடம்பெற்றது.

'கெட்' முறையில் தகவல் முகவரியோடு சேர்த்தே எழுதப்படும்; வழங்கியின் பதிவேட்டிலும் தங்கிவிடக்கூடும். அஞ்சல் எண்ணுக்கு இதனால் கேடில்லை, கடவுச்சொல்லுக்கு உண்டு. 'போஸ்ட்' முறை அதனை உறைக்குள் இடுகிறது. ஆயினும் உறையை ஒட்டுவது 'எச்டிடிபிஎஸ்' மறையாக்கமே. எண்ணில் ஆறு இலக்கங்கள் உள்ளனவா என உலவி நிரல் சோதிப்பது பயனர் வசதிக்கு மட்டுமே. அந்நிரலைத் தவிர்த்து எவரும் வழங்கிக்கு நேரே எதையும் அனுப்ப இயலும். ஆதலால் வழங்கியும் மீண்டும் சோதித்தாக வேண்டும்.