விலைச் சீட்டைப் படித்தறிவோம்

சம்பள நாளன்று பட்டணத்துப் பேரங்காடிக்குச் செல்லும் நம் தோட்டத்து மக்கள், விலைகள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன என்பதை அறிந்திருத்தல் நலம்.

முதலாவதாக, 9 வெள்ளி 99 காசு என்னும் விலையை நோக்குவோம். இடப்புறமிருந்து படிக்கும் நம் மனத்தில் 9 என்னும் எண்ணே பதிகிறது. ஆயினும், நம் நாட்டில் 1.4.2008 தொட்டு, ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து காசின் மடங்காகத் திருத்தப்படுகிறது. ஆகவே, அப்பொருள் ஒன்றை மட்டும் வாங்குவோர் கொடுப்பது முழுப் பத்து வெள்ளியே!

இரண்டாவது, எடை. 750 கிராம் சலவைத்தூள் 6 வெள்ளி, 500 கிராம் 4 வெள்ளி 50 காசு எனக் கொள்வோம். சிறிய பொட்டலமே மலிவாகத் தோன்றும். நூறு கிராமுக்குக் கணக்கிட்டால், பெரியது 80 காசு; சிறியது 90 காசு. சில வேளைகளில் இது மாறியும் இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தலே வழி.

மூன்றாவது, வணிகப் பெயர். விளம்பரத்தில் நாளும் காணும் பெயர், பழகிய முகம்போல் நம்பிக்கை தருகிறது. விளம்பரச் செலவோ விலையில் சேர்கிறது. அரசாங்கப் பதிவெண் பெற்ற பாராசிட்டமோல் மாத்திரை எப்பெயரில் வந்தாலும், 500 மில்லிகிராம் என்றிருப்பின் மருந்தின் அளவு ஒன்றே.

விலை குறித்துப் பொய்யான எண்ணம் ஏற்படுத்துவதை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனால், 99 காசு விலையும் கவர்ச்சியான உறையும் குற்றமல்ல. அங்கு நமக்குக் காவல் நம் கணக்கறிவே. பள்ளி செல்லும் பிள்ளைகளை உடனழைத்துச் சென்று கணக்கிடச் சொல்வோம். மிஞ்சும் காசு அவர்தம் கல்விக்கே பயன்படட்டும்.