மாஸ்டருக்கு ஒரு கை ஆள்: விமானி நேர்காணல் எப்படி இயங்குகிறது?

கல்யாணச் சமையலுக்கு ஆள் எடுக்கும் மாஸ்டர், புதிதாக வந்தவனிடம் முதலில் கரண்டியைக் கொடுப்பதில்லை. வாழைத்தண்டைக் கொடுப்பார். நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடுகிறானா, தட்டில் குவித்துக் கறுக்கவிடுகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். சாம்பார் வைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். விடிந்தால் முகூர்த்தம், ராத்திரி இரண்டு மணி, நாலு அடுப்பும் எரிகிறது என்ற நிலையில் பக்கத்தில் யாரை நிறுத்தினால் நிம்மதி என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். விமான நிறுவனமும் இதைத்தான் தெரிந்துகொள்ளப் பார்க்கிறது. அதற்காகத்தான் இத்தனை சுற்றுகள்.

உரிமம் வாங்கியாயிற்றே, அது போதாதா என்று தோன்றலாம். இந்தியாவில் வணிக விமானி உரிமமான சிபிஎல் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வழிகாணல், வானிலை, விதிமுறைகள், தொழில்நுட்பம் என்று விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வைக்கும் தாள்களில் நூற்றுக்கு 70 வாங்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் கையில் இருக்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்து இதையெல்லாம் முடித்தவர்கள் உண்டு. ஆனால் அந்த 200 மணி நேரத்தில் பெரும்பகுதி செஸ்னா 172 மாதிரியான நான்கு இருக்கை விமானத்தில் கழிந்திருக்கும். வீட்டில் நாலு பேருக்குச் சமைத்த கை அது. ஏர்பஸ் ஏ320-இல் ஏறுவது 180 பேர். அந்தப் பெரிய விமானத்தை உங்களுக்கு ஓட்டத் தெரியாது என்பது நேர்காணல் குழுவுக்குத் தெரியும். குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் ரேட்டிங் பயிற்சியில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சொல்லிக்கொடுத்து வராத குணங்கள் சில இருக்கின்றன. அவற்றை ஆள் எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

முதலில் காகிதம். லாக்புக் என்றால் வெறும் மணிக்கணக்கு என்று நினைப்பவர்கள் இங்கேயே தடுமாறுகிறார்கள். குழுவில் ஒருவர் ஏதோ ஒரு பக்கத்தைத் திருப்பி, "இந்த கிராஸ் கன்ட்ரியில் எந்த ஊருக்குப் போனீர்கள்? அன்றைக்கு மேகம் எப்படி இருந்தது?" என்பார். பறந்தவருக்கு ஏதாவது நினைவு வரும். எழுதி நிரப்பியவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் வாங்கிய விமானிகள் சிலர் 2011-இல் இந்தியாவில் கைதானார்கள். அந்தச் சூடு இந்தத் துறைக்கு இன்னும் மறக்கவில்லை.

தேர்வில் தோற்றிருந்தால் தோற்றேன் என்று எழுதிவிடுங்கள். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து, விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். அதன் கேப்டன் வேலைக்குச் சேரும்போது தன் பழைய செக் ரைடு (பறப்புத் தேர்வு) தோல்விகள் சிலவற்றைச் சொல்லாமல் விட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகு விமானிகளின் பயிற்சிப் பதிவுகளுக்கென்றே அமெரிக்காவில் தனித் தரவுத்தளம் வந்தது. வானிலைத் தாளில் இரண்டு தடவை தோற்றவரை, "அப்புறம் எப்படிப் படித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் குழு அடுத்த கேள்விக்குப் போய்விடும். மறைத்தவரை அப்படி விட முடியாது.

எழுத்துத் தேர்வும், கணினியில் வைக்கும் திறன் தேர்வும் அடுத்து வரும். கணினித் தேர்வில் ஒரு கையால் புள்ளியை நடுவில் நிறுத்த வேண்டும், காதில் விழும் எண்களைக் கவனிக்க வேண்டும், இடையில் கூட்டல் கழித்தலும் போட வேண்டும். ரசம் பொங்கும்போது அப்பளம் கருகாமல் பார்க்கும் வேலைதான். கொஞ்சம் பழகினால் கைவரும். ஒன்றில் பிசகினால் அதையே நினைத்துக்கொண்டு மற்றதையும் கோட்டை விடாமல் இருந்தால் சரி.

மனக்கணக்குக்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். மாஸ்டரிடம் தராசு இருக்கும், ஆனாலும் இத்தனை பேருக்கு இவ்வளவு பருப்பு என்று அவர் வாயிலேயே கணக்கு வந்துவிடும். விமானியிடமும் கணினி உண்டு. அது காட்டும் எண் பொருத்தமா என்று சொல்ல ஒரு கைக்கணக்கு வேண்டும். "35,000 அடியில் இருக்கிறீர்கள். எங்கே இறங்கத் தொடங்குவீர்கள்?" ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால் 105 கடல் மைல். வேகம் குறைக்க இன்னும் ஒரு பத்து மைல் சேர்த்துக்கொள்ளலாம். "140 நாட் வேகம், மூன்று டிகிரி சரிவு, நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்?" பாதியாக்கினால் 70, பக்கத்தில் ஒரு சைபர், 700 அடி. விடையை மட்டும் சொல்லாமல் கணக்கையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுவில் தப்பினால் எங்கே தப்பியது என்று அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

தொழில்நுட்பக் கேள்விகளில் பலரை வீழ்த்துவது இது: "ஓடுபாதையில் ஓடுகிறீர்கள். வி-ஒன் தாண்டிவிட்டது. இடது இன்ஜினில் தீ எச்சரிக்கை. என்ன செய்வீர்கள்?" வி-ஒன் என்பது, அதைத் தாண்டிய பின் நிற்க முயன்றால் மீதி ஓடுபாதை போதாமல் போகலாம் என்ற வேகம். படித்துவிட்டு வந்தவர் உடனே லீவரை இழுப்பேன், எரிபொருளை அடைப்பேன், தீயணைப்பானை அழுத்துவேன் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். குழுவுக்கு அந்த அவசரம் பிடிக்காது. நேராக ஓட வைப்பேன், மேலே கிளப்புவேன், ஏறத் தொடங்கியதும் சக்கரத்தை உள்ளிழுக்கச் சொல்வேன், குறைந்தது 400 அடி உயரம் வரும்வரை வேறு எதிலும் கை வைக்க மாட்டேன், அதன் பிறகு எந்த இன்ஜின் என்பதை இருவரும் பார்த்து, சொல்லி, உறுதி செய்துகொண்டு மூடுவோம் என்பதுதான் எதிர்பார்க்கும் பதில். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் கிளம்பிய டிரான்ஸ்ஏஷியா 235-இல் வலது இன்ஜின் உந்துவிசையை இழந்தது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினை மூடிவிட்டார். 43 பேர் இறந்தார்கள். ஒரு அடுப்பில் தீ எகிறும்போது பதற்றத்தில் பக்கத்து அடுப்பின் வால்வைத் திருகுவது சமையல்கட்டில் நடக்கிற விஷயம்தான். அதனால்தான் அந்த "இருவரும்" என்ற சொல்லுக்காகக் குழு காத்திருக்கிறது.

குழு விவாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காய் நறுக்க ஆறு பேர் உட்கார்ந்தால் ஒருவர் பேசியே நேரத்தை ஓட்டுவார், ஒருவர் தலையே நிமிர மாட்டார். இரண்டு பேரையும் மாஸ்டர் குறித்துக்கொள்வார். அடுத்தவர் சொன்னதைக் காதில் வாங்கி அதன் மேல் உங்கள் கருத்தைச் சொன்னால் போதும்.

சிமுலேட்டர் சுற்றில்தான் வயிறு கலங்கும். வீட்டு கேஸ் அடுப்பில் குமிழைத் திருப்பினால் தீ உடனே அடங்கும். கோட்டை அடுப்பில் விறகை வெளியே இழுத்த பிறகும் அண்டா கொதித்துக்கொண்டேதான் இருக்கும். பாயசம் அடிபிடிக்கும் வாசனை வந்த பிறகு இழுத்துப் பயனில்லை, வருவதற்கு முன்பே இழுத்திருக்க வேண்டும். ஜெட்டும் அப்படித்தான். பல டன் எடை ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, சொன்ன மாத்திரத்தில் நிற்காது. லீவரைத் தள்ளியதும் இன்ஜினும் உடனே எழும்பாது. செஸ்னாவில் பழகிய கை, உயரம் 100 அடி ஏறிவிட்டதென்று மூக்கை வெடுக்கென்று அமுக்கும். 150 அடி கீழே போய்விடும். பயந்துபோய் மறுபடி இழுக்கும். இதற்கு ஒரே மருந்து, தொடங்குமுன் சொல்லித்தரும் எண்களை மனதில் ஏற்றிக்கொள்வது: இந்த வேகத்துக்கு மூக்கு இத்தனை டிகிரி, உந்துவிசை இவ்வளவு. அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

உயரம் தவறினால் வாய் திறந்து சொல்லுங்கள். "200 அடி மேலே இருக்கிறேன், சரிசெய்கிறேன்" என்று சொல்லிச் சரிசெய்பவருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு சரிசெய்பவருக்கும் முடிவு ஒன்றாக இருக்கலாம், மதிப்பெண் ஒன்றாக இருக்காது. பரிசோதகர் நடுவில் ஒரு திருத்தம் சொல்வார். இரண்டாவது அணுகலில் அது தெரிகிறதா என்று பார்ப்பார். கருவிகளை நம்பி இறங்கும்போது 1,000 அடியில் வேகமும் சரிவும் நிலைக்கு வரவில்லை என்றால், இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறும் கோ அரவுண்ட் போய்விடுங்கள். "இறக்க முடியாமல் மேலே போய்விட்டேன், அவ்வளவுதான்" என்று வெளியே வந்து தலையில் கைவைப்பவர்கள் உண்டு. பல நேரம் அவர்கள் பாஸான இடமே அதுதான்.

கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மூத்த கேப்டன், மனிதவளத் துறை ஆள் ஒருவர், சில இடங்களில் உளவியலாளரும். மொத்த நேர்காணலின் சாரமும் இங்கே கேட்கும் ஒரு கேள்வியில் இருக்கிறது: "கேப்டன் தப்புப் பண்ணுகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?"

இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விமான விபத்தில், துணை விமானி மூன்று முறை கோ அரவுண்ட் என்று சொல்லியும் கேப்டன் இறக்கத்தைக் கைவிடவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. பத்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், மழையில், விமானம் ஓடுபாதையின் பாதியளவு தாண்டித் தரைதொட்டது. இரு விமானிகள் உட்பட 21 பேர் உயிரிழந்தார்கள். கோ அரவுண்ட் என்ற குரல் அங்கேயும் எழுந்தது. கேப்டன் அதை மீறி இறக்கியதை மட்டுமல்லாமல், துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கி மேலே கிளப்பத் தவறியதையும் அறிக்கை காரணமாக எழுதியது.

மாஸ்டர் மறதியில் அண்டாவில் இரண்டாம் முறை உப்பைக் கொட்டப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, உப்பு போட்டாச்சா?" என்று கேட்பது முதல் படி. "அண்ணே, முன்னாடியே போட்டுட்டீங்க" என்பது இரண்டாவது. "போடாதீங்கண்ணே, நிறுத்துங்க" மூன்றாவது. அதற்கும் அசையவில்லை என்றால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விமானிகளுக்குச் சொல்லித்தரும் வரிசையும் இந்த நான்கு படிதான்: விசாரி, எச்சரி, எதிர்த்துச் சொல், கட்டுப்பாட்டை எடு. நேர்காணலில் நேராக நான்காவது படிக்குத் தாவுபவர் பக்கத்தில் யாரும் உட்கார விரும்ப மாட்டார்கள். முதல் படியிலேயே நின்றுவிடுபவர் இன்னும் ஆபத்து. நம் வீடுகளில் பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் வளர்த்துவிடுகிறோம். "சார்" என்று தொடங்கினாலே பாதிக் குரல் உள்ளே போய்விடுகிறது. தரையில் நேரம் இருந்தால் நான்கு படியும் ஏறலாம். 300 அடி உயரத்தில் சில நொடிகள்தான், இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்ட வேண்டியிருக்கும். உயரத்தைப் பொறுத்து என் பதில் மாறும் என்று சொல்பவரை நான் எடுப்பேன்.

இதே குடும்பத்தில் இன்னொரு கேள்வி: கேப்டன் மீது மது வாடை வருகிறது. இந்திய விதிப்படி பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மது கூடாது, மூச்சுச் சோதனையில் துளி தெரிந்தாலும் பறக்க முடியாது. அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வேன், இந்த விமானம் இந்தக் குழுவோடு கிளம்பாது, நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துவேன். இதற்கு மேல் நீட்ட வேண்டாம். அவருடைய குடும்பம், குழந்தை என்று உருகத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் பேனாவை மூடிவிடுவார்.

நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும். வானொலிப் பேச்சுக்குச் சர்வதேச அளவில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலம் கேட்கிறார்கள், மொத்தம் ஆறு நிலைகள். தமிழ் வழியில் படித்தவர் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இலக்கணம் கொஞ்சம் சறுக்கினால் குழு பொருட்படுத்தாது. கேள்வி புரியாவிட்டால் "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதே நல்ல அடையாளம். காக்பிட்டிலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

படிப்பதற்குக் கேள்வி வங்கிகள் ஏராளம். அவற்றைத் தாண்டி, டி. பி. டேவிஸ் 1967-இல் எழுதிய 'ஹேண்ட்லிங் தி பிக் ஜெட்ஸ்' இன்றும் படிக்கத் தகுந்தது. என்ன என்பதற்கு அடுத்து குழு கேட்கும் 'ஏன்' என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, ஒருவர் கேப்டனாக உட்கார்ந்து கேட்க, மற்றவர் சத்தமாகப் பதில் சொல்லிப் பழகுங்கள். தலைக்குள் தெளிவாக இருப்பது வாயில் வரும்போது குழம்பும். போகும் நிறுவனம் எந்த விமானம் ஓட்டுகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். 737 மேக்ஸ் ஓட்டும் ஆகாசா ஏரில் போய் ஏர்பஸ் கனவைப் பற்றிப் பேசக் கூடாது.

இந்த முறை எடுக்கவில்லை என்றால் மறுபடி விண்ணப்பிக்கச் சில மாதங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். அன்று இரவே கேட்ட கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், நான்கு நாள் போனால் பாதி மறந்துவிடும். அடுத்த தடவை உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, போன தடவைக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்போது லாக்புக்கில் சில மணி நேரமாவது கூடியிருக்க வேண்டும்.