அடக்கும் ஏற்பி (நோயெதிர்ப்பியல்)

அடக்கும் ஏற்பி என்பது நோயெதிர்ப்பு உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்து, அவ்வுயிரணு தூண்டப்படுவதைத் தணிக்கும் அல்லது நிறுத்தும் புரதம் ஆகும். டி-உயிரணு, பி-உயிரணு, இயற்கைக் கொல்லி உயிரணு, பெருவிழுங்கி ஆகிய அனைத்திலும் இவ்வகை ஏற்பிகள் காணப்படுகின்றன. இவை குன்றினால் உடலின் பாதுகாப்புப் படையே சொந்த இழையங்களைத் தாக்கத் தொடங்கும். முதலாம் வகை நீரிழிவு, முடக்குவாதம், லூப்பசு போன்றவை இவ்வாறு தன் உடலையே தாக்கும் நோய்கள் ஆகும். இவை தன்னுடல் தாக்குநோய்கள் எனப்படுகின்றன.

தேவை

டி-உயிரணுக்கள் மார்பெலும்பின் பின்னுள்ள தைமசுச் சுரப்பியில் முதிர்கின்றன. சொந்தப் புரதங்களை வலுவாகப் பற்றுபவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆயினும் இவ்வடிகட்டல் முழுமையானதன்று. நலமுடன் வாழ்பவரின் குருதியிலும் தன்னுடலைத் தாக்கவல்ல உயிரணுக்கள் சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன. செஞ்சிக் கோட்டையில் வெளி மதிலைக் கடந்தவர் இராசகிரியின் உச்சியை அடைய மேலும் பல வாயில்களையும், இறுதியில் ஒரு பிளவின் மீதமைந்த சிறு பாலத்தையும் கடக்க வேண்டும். தைமசை முதல் வாயிலாகக் கொண்டால், அடக்கும் ஏற்பிகள் உள்வாயில்களுக்கு ஒப்பாகும்.

செயற்படும் முறை

தூண்டும் ஏற்பி ஒன்று தனக்குரிய மூலக்கூற்றைப் பற்றியதும், உயிரணுவினுள் கைனேசு நொதிகள் சில புரதங்களின் தைரோசின் பகுதிகளில் பாசுபேட்டுக் குழுக்களை இணைக்கின்றன. இதுவே தாக்குதலுக்கான சமிக்ஞை. அடக்கும் ஏற்பிகள் பலவற்றின் உள்வாலில் ஐ.டி.ஐ.எம். எனப்படும் குறுந்தொடர் உண்டு. அதிலும் அதே கைனேசுகளே பாசுபேட்டைச் சேர்க்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. அவ்வாறு சேர்ந்தவுடன் எசு.எச்.பி.-1 போன்ற பாசுபட்டேசு நொதிகள் அங்கு வந்து ஒட்டி, அருகிலுள்ள பாசுபேட்டுகளை நீக்கிவிடுகின்றன. தூண்டல் தன் தணிப்பையும் உடன் கொண்டு வருகிறது எனலாம்.

எல்லா அடக்கும் ஏற்பிகளும் இவ்வழியில் இயங்குவதில்லை. சி.டி.எல்.ஏ.-4 என்னும் ஏற்பி, தூண்டும் ஏற்பியாகிய சி.டி.28 பற்ற வேண்டிய மூலக்கூறுகளைத் தானே அதிக வலுவுடன் பற்றிக்கொள்கிறது. அவற்றை எதிரிலுள்ள உயிரணுவிலிருந்து பிடுங்கி விழுங்கவும் செய்கிறது.

சிக்லெக்குகள்

இத்துறையில் தமிழ்நாட்டுடன் தொடர்புடைய ஆய்வாளர் அசித் வர்க்கி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்ற இவர், பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் சியாலிக் அமிலங்களை ஆராய்ந்தார். இவ்வமிலங்கள் மனித உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் அமைபவை. இவற்றைப் பற்றும் ஏற்பிக் குடும்பத்திற்கு 1998-இல் சிக்லெக் எனப் பெயரிட்ட குழுவில் வர்க்கியும் ஒருவர். இக்குடும்பத்தில் பெரும்பாலானவை அடக்கும் ஏற்பிகளே. பாக்டீரியாக்கள் பலவற்றில் சியாலிக் அமிலம் இல்லை. ஆகவே அது இருப்பது "இது நம்முடையது" என்னும் அடையாளமாகிறது.

அடையாளம் என்று ஒன்று இருந்தால் அதைத் திருடுவோரும் இருப்பர். பச்சிளங் குழந்தைகளுக்குக் கடும் தொற்று தரும் பி-பிரிவு சிடிரெப்டோகாக்கசு, மனிதருடையதைப் போன்ற சியாலிக் அமிலத்தைத் தன்மீது பூசிக்கொண்டு வெள்ளையணுக்களின் சிக்லெக்-9 ஏற்பியைத் தட்டி, அவற்றை அமைதிப்படுத்துகிறது.

வர்க்கியின் குழு 2006-இல் வேறொரு வேறுபாட்டையும் வெளியிட்டது. சிம்பன்சியின் டி-உயிரணுக்களில் சிக்லெக்குகள் தெளிவாகக் காணப்பட, மனித டி-உயிரணுக்களில் அவை மிகக் குறைவு அல்லது இல்லை. மனித டி-உயிரணுவில் சிக்லெக்-5-ஐப் புகுத்தியபோது அதன் தூண்டல் குறைந்தது. மனிதருக்கு முடக்குவாதம் போன்ற நோய்கள் வருவதற்கு இவ்விழப்பும் ஒரு காரணமாகலாம் என்பது அக்குழுவின் கருத்து. இது கருதுகோள் மட்டுமே.

குறைபாட்டின் விளைவுகள்

1995-இல் சி.டி.எல்.ஏ.-4 மரபணு நீக்கப்பட்ட எலிகள், இதயம், கணையம் முதலிய உறுப்புகளில் டி-உயிரணுக்கள் புகுந்து பெருகியதால், மூன்று நான்கு வாரங்களிலேயே இறந்தன. கியோத்தோவில் தசுக்கு ஓஞ்சோவின் குழு 1992-இல் கண்டறிந்த பி.டி.-1 ஏற்பி இல்லாத எலிகளிடம் நோய் மெதுவாகத் தோன்றியது. ஒரு வகை எலிக்கு லூப்பசு போன்ற நோயும், வேறொரு வகைக்கு இதயத்தசை நோயும் ஏற்பட்டன. ஏற்பி ஒன்றே ஆயினும், நோயின் இடத்தைப் பிற மரபணுக்கள் முடிவு செய்கின்றன என்பதற்கு இது சான்று.

மனிதரில் சி.டி.எல்.ஏ.-4 மரபணுவின் இரு படிகளுள் ஒன்று பழுதடைந்தாலே குடல், நுரையீரல், குருதியணுக்கள் பாதிக்கப்படலாம் என 2014-இல் அறியப்பட்டது. அதே பழுதைக் கொண்ட உறவினர் சிலர் நோயின்றி இருப்பதும் உண்டு.

பி-உயிரணுக்களை அடக்கும் எஃப்.சி.-காமா ஏற்பி 2பி-இன் வலுக்குன்றிய வடிவம் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பரவலாக உள்ளது. இரு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்றவருக்கு லூப்பசு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. ஒரு கேடான மரபணு வடிவம் மக்களிடையே நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகிறது.

மருத்துவப் பயன்

புற்றுநோய் உயிரணுக்கள் இவ்வேற்பிகளைத் தூண்டித் தப்பிக்கின்றன. அவற்றை மறிக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்தமைக்காக சேம்சு அலிசனுக்கும் ஓஞ்சோவிற்கும் 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்மருந்துகளைப் பெறுவோர் சிலருக்குக் குடல் அழற்சி, தைராய்டு அழற்சி, அரிதாக முதலாம் வகை நீரிழிவு ஆகியன தோன்றுகின்றன. அதுவரை அடங்கியிருந்த தன்னெதிர்ப்பு உயிரணுக்கள் கட்டவிழ்வதன் விளைவு இது. விலை மற்றொரு தடை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வொன்று (2023), வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நிவோலுமாப், அதாவது மூன்று வாரத்திற்கு ஒருமுறை 20 மில்லிகிராம், தலை-கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஓராண்டு உயிர்வாழ்வு விகிதத்தை 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்த்தியதாகக் காட்டியது.

எதிர்த்திசையிலும் மருந்துகள் உண்டு. சி.டி.எல்.ஏ.-4-இன் வெளிப்பகுதியைக் கொண்டு அமைக்கப்பட்ட அபாடசெப்ட் 2005-இல் ஐக்கிய அமெரிக்காவில் முடக்குவாதத்திற்கு ஒப்புதல் பெற்றது. பி.டி.-1 ஏற்பியை மறிக்காமல் தூண்டும் பெரெசோலிமாப் என்னும் மருந்து, 98 முடக்குவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், அதிக அளவு பெற்றோருக்குப் போலி மருந்தைவிடக் கூடுதல் பயன் தந்தது.