உஷார்! ஆடு கப்பலேறப் பார்க்கிறது

கையைக் கூப்பிக்கொண்டு வேட்பாளர் தெருவுக்கு வந்தால் சாலை, குடிநீர், பட்டா கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். கூடவே ஆட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். சிரிப்பு வருகிறதா? 2023 ஜூனில் நடந்ததைப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அந்த மாதம் ஒன்றிய கால்நடைத் துறை ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. 1898ஆம் ஆண்டுக் கால்நடைச் சட்டம் இறக்குமதியை மட்டுமே பேசுகிறது. அதைத் தூக்கிவிட்டு, உயிருள்ள விலங்குகளின் ஏற்றுமதியையும் சேர்த்துப் புதுச் சட்டம் போடுவதாகத் திட்டம். ஆடு, மாடு மட்டுமா? நாயும் பூனையும்கூட ‘கால்நடை’யில் அடக்கம்! கருத்துச் சொல்லப் பத்தே நாள். எதிர்ப்பு கிளம்பவும் ஜூன் 20 அன்று வரைவைத் திரும்பப் பெற்றார்கள். பரணில் ஏறியது என்றைக்கு வேண்டுமானாலும் இறங்கும். அடுத்த பத்து நாள் நம் கண்ணில் படாமலே கழிந்துவிடலாம்.

கப்பலில் என்ன ஆகும்? 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வளைகுடாவுக்குப் போன அவாசி எக்ஸ்பிரஸ் கப்பலில் வெக்கை தாங்காமல் சுமார் 2,400 செம்மறிகள் செத்தன. கப்பலுக்குள் எடுத்த படம் டிவியில் வந்ததும் ஊரே கொதித்தது. விஷயம் தேர்தல் வாக்குறுதியானது. 2024இல் சட்டமே வந்துவிட்டது: 2028 மே 1 முதல் அங்கிருந்து செம்மறி கப்பலேறாது.

நம் கரைக்கும் விலங்கு ஏற்றிய கப்பல் புதிதல்ல. குதிரையோடு கப்பல்கள் வந்த துறையைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. அது மாமல்லபுரம்தான் என்பாரும் உண்டு. பாண்டிய நாட்டுக்கு அனுப்பிய குதிரைகளில், வழியில் செத்தவற்றுக்கும் சேர்த்தே விலை கொடுக்கப்பட்டதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். கடலில் சாவது வெறும் செலவுக் கணக்கு.

இதே கரையிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் இன்று டச்சுக் கோட்டைதான் மிச்சம், கப்பல் கிடையாது. லாரி உண்டு. புதுப்பட்டினத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பலகை அடித்து இரண்டு அடுக்காக்கிய ஆட்டு லாரி ஒன்று ஓரங்கட்டியது. கீழடுக்கில் ஒரு வெள்ளாட்டின் முன்னங்கால் இடுக்கில் மாட்டி வெளியே தொங்கியது. மேலடுக்கின் மூத்திரம் அதன் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, கால் மாட்டியிருக்கு.”

“தெரியும் சார். மெட்ராஸ் போய்ப் பாத்துக்கலாம்.”

மோட்டார் வாகன விதி ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் இடம் கேட்கிறது. மீறினால்? 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்த லாரி டிரைவர் சாப்பிட்ட டீயும் வடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளூர்ச் சாலையிலேயே இந்த லட்சணம் என்றால், நடுக்கடலில் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

நானும் கறி சாப்பிடுகிறவன்தான். ஆடு வளர்ப்பவர் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. இங்கேயே அறுத்துக் கறியாக அனுப்பினால் கடலில் சாகாதே!

ஏற்றுமதியும் அபராதமும் டெல்லி விவகாரம். ஆகவே காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியில் நிற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: அந்த மசோதா மறுபடி வந்தால் நீங்கள் எந்தப் பக்கம்? அந்த 50 ரூபாயை மாற்றச் சொல்வீர்களா? சட்டமன்றத்துக்கு நிற்பவரிடம், ஈ.சி.ஆரில் ஆட்டு லாரியை நிறுத்திச் சோதிக்க வைப்பாரா என்று கேளுங்கள். “பாக்கலாம்மா” என்று நகர்ந்தால், கூட வரும் உள்ளூர்க்காரரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டு எண்ணி முடித்த பிறகும் அவர் இதே தெருவில்தான் இருப்பார்.